இருபத்து மூன்று கிலோ

பதினேழாம் அறைக்காரர்கள்
குப்பைக்கூடையில் விட்டுப்போன பத்திரிகையில்
தலையில்லாத தூண்கள். அவற்றின் கீழே
வெள்ளை வீடுகள் வழுக்கி இறங்கும் கடல்.
மத்தியதரைக் கடல் என்றாள் வரவேற்பறைப் பெண்.
நம் கடலைவிட நீலமாக இல்லை.
இருந்தாலும் மடித்து
ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

வேலாயுதன் சாப்பிட்டுக்கொண்டே புரட்டினார்.
முப்பத்தோரு வருஷம் பிளெசான்ஸ் விமான நிலையத்தில்
அடுத்தவர் பெட்டி தூக்கியவர்,
அடையாள அட்டையில் வலேதோன்.
"டிக்கெட் விலை எனக்குத் தெரியும்" என்றார்.
பிறகு கை கழுவி, ஈரத்தைச் சட்டையில் துடைத்து,
"இடிந்த கட்டடம்தானே, இங்கேயும் இருக்கிறது."

ஆக ஒரு செவ்வாய்க்கிழமை,
இருவருக்கும் விடுப்பு ஒன்றாய் வாய்த்த அதிசயத்தில்,
மாயேபூரில் பஸ் ஏறி வியே கிரான்போர் போனோம்.
இருபது நிமிஷம்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.

வாசலில் காவலாளி
எந்த ஊர் என்று கிரியோலில் கேட்டான்.
என் ஓலைத்தொப்பியைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு
"இத்தாலி" என்றார் இவர்.
அவன் சிரிக்கவில்லை.
"ரோஸ் பெல் பக்கத்து இத்தாலியா?"

தூண்கள் இல்லை.
முழங்கால் உயரத்தில் கருங்கல் சுவர்கள்,
இடுக்கில் பவழம் சுட்ட சுண்ணாம்பு.
ஒல்லாந்தர் கட்டினார்கள்,
எலிக்கும் புயலுக்கும் தோற்றுப் போனார்கள்
என்றது பலகை.
பின்னால் சிங்கமலை,
எதையும் பார்க்காததுபோல் படுத்திருந்தது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு
அடிமேல் அடி வைத்து அளந்தேன்.
நீளம் பதினொன்று, அகலம் ஒன்பது.
இரண்டு ஒற்றைக் கட்டில் போடலாம்.
அலமாரிக்கு இடமில்லை.
கடல் பார்த்த பக்கம் ஜன்னல் இருந்திருந்தால்
திரைச்சீலை வாரத்துக்குள் உப்பேறும்.
இந்த அளவு அறைக்கு
எனக்குக் கொடுப்பது இருபத்திரண்டு நிமிஷம்.
இதை யார் பெருக்கினார்கள்?
பலகையில் தளபதிகள் பெயர் வரிசையாய் இருந்தது.
மடகாஸ்கரிலிருந்து பிடித்து வந்தவளாய் இருப்பாள்,
எத்தனை அறையோ அவளுக்கு.
வெயில் ஏறிவிட்டது. அங்கேயே கொஞ்சம் நின்றேன்.

அதற்குள் அந்தப் பக்கம் விசில்.
இவர் ஒரு கல்லை இரு கையாலும் தூக்கி
இடுப்பில் சாய்த்து நிறுத்திக்கொண்டிருக்கிறார்.
"சரியாய் இருபத்து மூன்று கிலோ.
கூடுதல் கட்டணம் கிடையாது, அனுப்பலாம்!"
காவலாளி ஓடிவருவதற்குள்
இருந்த இடத்திலேயே இறக்கினார்,
'உடையும் பொருள்' ஒட்டிய பெட்டியை
யாரும் பார்க்காதபோதும் இறக்குவாரே,
அப்படி.

திரும்பி வந்து மாயேபூர்க் கடற்கரையில்
மோட்டார்சைக்கிள்காரனிடம் தால்பூரி நாலு ஜோடி.
மிளகாய் சட்னி விரல் வழியே முழங்கைக்கு இறங்க
எதிரே சிவப்புக் கூரைக் குட்டித்தீவைப் பார்த்துத் தின்றோம்.
தினமும் பஸ்ஸிலிருந்து பார்ப்பதுதான்,
உட்கார்ந்து பார்த்ததில்லை.

அப்போது வந்தாள் ஒன்பதாம் அறை அம்மாள்.
அவள் தூக்க மாத்திரை எந்த டப்பாவில் என்று எனக்குத் தெரியும்,
தலையணை நனைந்திருக்கும் நாள் தெரியும்.
சீருடை இல்லாத என்னை அவளுக்குத் தெரியவில்லை.
இவர் போனை நீட்டிப் படம் எடுக்கச் சொன்னார்.
எடுத்தாள், இன்னும் நெருங்கச் சொல்லி இரண்டாவதும்.
"இந்த ஊரா நீங்கள்?"
இல்லை என்றேன்.
நானேதான் சொன்னேன்.
"தேனிலவு" என்று சேர்த்தார் இவர்,
நரைத்த மீசையில் பருப்புத் தூளோடு.
அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.
ஒன்பதாம் அறையில்
அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

தலைக்கு மேல் விமானம்.
நிமிராமலே "துபாய். நாலு நிமிஷம் தாமதம்" என்றார்.
அதில் யார் பெட்டி, யார் தூக்கினார்கள்
என்று யோசிக்காமல் இருக்க
அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரவு விரிப்பை உதறிப் போட்டேன்.
மூலைகளை மடித்துச் செருகவில்லை.
ஒரு பக்கம் சரிந்து தரையில் கிடந்தது.
"என்ன ஓட்டல் இது?" என்று ஏறிப் படுத்தார்.
பாதத்தில் வெள்ளையாய் அந்தச் சுண்ணாம்பு.
கழுவிவிட்டு வரச் சொல்லியிருப்பேன்,
வேறொரு நாளாக இருந்தால்.